கலையாத கூட்டம்

பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டுகிறவர்கள் மேசை, நாற்காலி, ஒலிபெருக்கி, துண்டுப் பிரசுரம், தேநீர் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே எண்ணி வைப்பார்கள். மண்டபத்தின் வாயிலில் எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பவர் அரிது. நீதி வேண்டிக் கூடும் கூட்டமே ஒரு சாராரைப் படியின் கீழ் நிறுத்திவிடுமாயின், அந்நீதி யாருக்குரியது? இக்கேள்விக்குச் செயலால் விடையிறுத்த ஒரு போராட்டத்தின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன். அது 1977ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1973இல், அந்நாட்டில் புனர்வாழ்வுச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன் 504ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் உடற்குறையைக் காரணங்காட்டி எவரையும் விலக்கலாகாது என்றது. பாடசாலை, மருத்துவமனை, பல்கலைக்கழகம், நூல்நிலையம் எல்லாம் இதனுள் அடங்கும். சொல் நன்றாகத்தான் இருந்தது. ஆயின் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகளில் சுகாதார, கல்வி, நலத்துறை அமைச்சர் கையொப்பமிடாத வரையில் அது வெறுங் காகிதமே. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், கையொப்பம் மட்டும் வரவில்லை. 1977இல் அப்பதவிக்கு வந்த ஜோசப் கலிபானோவும் விதிகளை மீளப் பரிசீலிக்க வேண்டும் என்றார். பரிசீலனை என்ற சொல்லுக்குக் காரியாலயங்களில் என்ன பொருள் என்பதை நேயர்கள் நன்கறிவர்.

ஏப்பிரல் 5ஆம் நாள் பல நகரங்களில் அவ்வமைச்சின் அலுவலகங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைந்து அமர்ந்தனர். தலைநகர் வாஷிங்டனில் உணவும் மருந்தும் உள்ளே செல்ல விடாது தடுத்தனர். ஏறத்தாழ ஒரு நாள் கடந்ததும் அங்கிருந்தோர் வெளியேற நேர்ந்தது. பிற நகரங்களிலும் போராட்டம் விரைவில் ஓய்ந்தது. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் ஏறக்குறைய நூற்றைம்பது பேர் அம்மாத இறுதிவரை கட்டடத்தை விட்டு அகலவில்லை. அவர்களைத் தாங்கி நிறுத்தியது எது?

வீரம் என்று ஒரு சொல்லில் கூறிவிடலாம். எனக்கு அவ்விடை போதவில்லை. வீரம் வாஷிங்டனிலும் இருந்தது. கழுத்துக்குக் கீழ் உணர்விழந்த ஒருவர் வெறுந்தரையில் உறங்க நேர்ந்தால், இரவில் அவரை யாரேனும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இன்றேல் உடலிற் படுக்கைப் புண் தோன்றி உயிருக்கே கேடாகும். உண்பதற்கும் உடுப்பதற்கும் கழிப்பறை செல்வதற்கும் துணை வேண்டியவர் பலர். அவர்களுடைய உதவியாளர்களோ சிலரே. ஆகவே நடக்கக் கூடியவர் நடக்க இயலாதவரைத் தூக்கினர். பார்வையற்றவர் சக்கர நாற்காலியைத் தள்ளினர். நாற்காலியிலிருந்தவர் அவருக்கு வழி கூறினர். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கெனக் குளிரூட்டும் இயந்திரத்தின் முகப்பில் ஒரு பெட்டியை ஒட்டி அதனையே குளிர்பெட்டியாக்கினர். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, செவிப்புலனற்றோர் யன்னலருகே நின்று சைகை மொழியாற் கீழே தெருவில் நின்றவர்களுடன் உரையாடினர். செவிடு என்று உலகம் இகழ்ந்த குறை அன்று முற்றுகைக்குள் அகப்பட்டவர்களின் தந்திக் கம்பியாயிற்று!

கூட்டங்கள் நள்ளிரவு கடந்தும் நீடித்தன. சைகை மொழிபெயர்ப்பாளர் ஆயத்தமாகும் வரை பேச்சு தொடங்காது. நாவு திருந்தாத ஒருவர் ஒரு வாக்கியத்தை முடிக்க நீண்ட நேரம் எடுத்தாலும் ஏனையோர் காத்திருந்தனர். அவசர காலத்தில் இப்பொறுமை வீண் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொருவரும் முடிவெடுப்பதிற் பங்கு கொண்டமையாலேயே ஒருவரும் வெளியேற விரும்பவில்லை.

இவர்களுள் தலைமை தாங்கியவர் ஜூடி ஹியூமன் என்னும் பெண்மணி. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் நடையிழந்தவர். தீ மூண்டால் நீ இடையூறாவாய் என்று பாடசாலை அவரைச் சேர்க்க மறுத்தது. பின்னர் ஆசிரியப் பணிக்குரிய அனுமதியும் மறுக்கப்படவே, 1970இல் நியூயோர்க் நகரின் கல்விச் சபைமீது வழக்குத் தொடுத்து வென்றார். அவருடன் நின்ற கிற்றி கோன் என்பார் தேர்ந்த அமைப்பாளர். உள்ளே நுழையும் முன்னரே தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், குடியுரிமை இயக்கங்கள் ஆகியவற்றின் வாயில்தோறும் சென்று துணை தேடி வைத்த தூரநோக்கு அவரையே சேரும்.

அத்துணைகளுள் ஒன்று வியப்புக்குரியது. ஓக்லண்ட் நகரின் கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் நாள்தோறும் சூடான உணவைச் சமைத்துக் கொண்டுவந்தனர். துப்பாக்கி ஏந்தியவர்கள் என்றே அவர்களை அறிந்திருந்தனர் பலர். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் காலையுணவு வழங்கி வந்தவர்களும் அவர்களே. அவர்களை இப்போராட்டத்துடன் பிணைத்தவர் பிராட் லோமாக்ஸ் என்னும் இளைஞர். அவர் அக்கட்சியின் உறுப்பினர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு மண்டல நோயாற் சக்கர நாற்காலியில் இயங்கியவர். அவருக்குத் துணைநின்ற சக் ஜாக்சனும் அக்கட்சியினரே. ஜாக்சன் பிறருக்கும் பணிவிடை செய்தார். போதைப் பழக்கத்திலிருந்தும் சிறையிலிருந்தும் மீண்டோரின் டிலான்சி ஸ்ட்ரீட் நிறுவனமும் உணவு வழங்கிற்று. நகர மேயர் ஜோர்ஜ் மொஸ்கோனியும் உதவ முன்வந்தார்.

இடையில் ஒரு குழுவினர் வாஷிங்டனுக்குப் பயணமாயினர். இயந்திரத் தொழிலாளர் சங்கம் ஒரு சரக்கு லொறியை வாடகைக்கு அமர்த்திக் கொடுத்தது. சக்கர நாற்காலிகளை ஏற்றவல்ல வாகனம் வேறு கிடைத்திலது. யன்னலற்ற அந்த இருளில் அமர்ந்தபடி அவர்கள் நகரெங்கும் சென்று, அமைச்சரின் இல்லத்தின் முன்னும் இரவிற் காத்திருந்தனர். ஏப்பிரல் 28ஆம் நாள் கலிபானோ விதிகளில் கையொப்பமிட்டார். இரு நாட்களின் பின், ஏப்பிரல் 30இல், எஞ்சியிருந்தோர் பாடிக்கொண்டே கட்டடத்தினின்றும் வெளிவந்தனர். 1990இல் நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்திற்கு அடித்தளமிட்டது இவ்வெற்றி.

வெற்றியின் கதை மீண்டும் மீண்டும் கூறப்பட்டபோது சில பெயர்கள் மங்கின. சட்டம் கிடைத்தது, வழக்காட வசதியுடையோர் அதனாற் பயனடைந்தனர். வறியவர், கறுப்பினத்தவர், குடியேறியவர் ஆகிய மாற்றுத்திறனாளிகள் பலர் இயக்கத்தின் ஓரத்திலேயே நின்றனர். 2005ஆம் ஆண்டளவில் அதே வளைகுடாப் பகுதியில் பற்றி பெர்ன், மியா மிங்கஸ் முதலானோர் இக்குறையைச் சுட்டிக்காட்டி, உரிமை மட்டும் போதாது, நீதி வேண்டும் என்றனர். அவர்கள் வகுத்த கோட்பாடுகளுள் ஒன்று, கூடுவோர் அனைவரும் பங்குகொள்ள வழிசெய்தல் எல்லோருக்கும் பொதுவான கடமை என்பது. சாய்தளமோ சைகை மொழியோ கேட்பவர்மேற் சுமத்தப்படும் கடன் அன்று. பெயர் புதிது, 1977இல் நான்காம் மாடியில் இரவிற் புரட்டிப் படுக்க வைத்த கைகள் அதனை முன்பே அறிந்திருந்தன.

பிராட் லோமாக்ஸ் ஓக்லண்டில் வாழ்ந்த நாட்களில் பேருந்திற் செல்ல வேண்டுமாயின், அவருடைய சகோதரர் அவரைத் தூக்கிப் படியேற்றி இருக்கையில் அமர்த்திவிட்டு, மீண்டும் இறங்கி நாற்காலியை எடுத்து வருவார். லோமாக்ஸ் 1984இல், தம் 33ஆம் வயதில் மறைந்தார். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அவருக்கு இரங்கற் குறிப்பு வெளியிட்டது 2020ஆம் ஆண்டிலேயாம்.