புழல் கோட்டையும் காணி வழக்கும்

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சந்நிதி முன் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. இப்பகுதியை ஆண்டதாகச் சொல்லப்படும் குறும்பர்களின் புழல் கோட்டையை வென்ற தொண்டைமான் அங்கிருந்து கொண்டுவந்து நட்டவை என்கிறது தலபுராணம். போரில் மன்னனுக்குத் துணையாகச் சிவன் நந்தியை அனுப்பினாராம். அதனால்தான் இங்கே நந்தி சுவாமிக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார் என்பார்கள்.

கோயிலில் தொடங்கிய இந்தக் கதை, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கச்சேரி ஏறியது.

தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களில் புழலும் ஒன்று. குறும்பரை வென்ற அந்தத் தொண்டைமானான ஆதொண்டைச் சக்கரவர்த்தி, காடு திருத்த வேளாளர்களை அழைத்துவந்து ஊர் ஊராகக் காணியாட்சி கொடுத்தான் என்பது மரபுவழிக் கதை. காணியாளர்கள் ஊர் நிலத்தைப் பங்கு வைத்து ஆண்டார்கள். வயல் மட்டுமல்ல, தரிசு, ஏரி, குளம் எல்லாவற்றிலும் அவர்களுக்கு உரிமை இருந்தது. பின்னாளில் இதுவே மிராசு எனப்பட்டது.

ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையோடு, கொடுத்தார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு ஊர்களைச் சூறையாடியது. அந்த அழிவிலிருந்து மீளாத நிலத்தில் வரியை உயர்த்தப் புறப்பட்டவர், 1794இல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ். அவர் விதித்த தீர்வையை மிராசுதார்கள் பலர் ஏற்கவில்லை. ஆயுதம் எடுக்காமல் ஊரைவிட்டு வெளியேறினார்கள். உழுகிற கை இல்லாத வயலில் சர்க்காருக்கு என்ன கிடைக்கும்? பிளேஸும் விடவில்லை. பணியாதவர்களின் நிலத்தை வேறு ஆட்களிடம் ஒப்படைத்தார். முதலில் மிராசு உரிமையை நம்பாத அதே பிளேஸ், பிறகு அதை வலுவாக ஆதரித்து எழுதினார்.

1802இல் கம்பெனி இன்னொரு வழியில் இறங்கியது. நிரந்தர நிலவரித் திட்டத்தின் பேரில் ஜாகீரை மிட்டாக்கள் என்ற துண்டுகளாகப் பிரித்து ஏலம் விட்டது. ஊருக்குச் சம்பந்தமில்லாத பணக்காரர்கள் ஒரே நாளில் ஜமீன்தார்கள் ஆனார்கள். ஊர் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. ஊராரும் அவர்களை மதிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பல மிட்டாக்கள் வரி கட்ட முடியாமல் சர்க்காரிடம் திரும்பின.

வேர் இல்லாத தலைமையை மேலிருந்து நடுவது பிரிட்டிஷாருக்குப் பழகிய வேலை. நைஜீரியாவின் திவ் மக்களுக்குப் பொது அரசர் என்று ஒருவர் இருந்ததில்லை. அவர்களுக்கும் 1940களில் ‘டோர் திவ்’ என்ற தலைமைப் பதவியைக் காலனி அரசு உருவாக்கியது. 1960இல் திவ் நாட்டில் வெடித்த கலவரத்தில் அரசு நியமித்த தலைவர்களின் வீடுகளும் எரிந்தன.

ஏலம் தோற்றதும், நிலம் யாருடையது என்ற கேள்வி மறுபடி எழுந்தது. மிராசு பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்குச் சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ் எழுதிய பதில்கள் 1818இல் அச்சாயின. அதில் அவருக்குத் துணைநின்றவர் பி. சங்கரையா. ஆதொண்டை குடியேற்றிய கதை அங்கே காணி உரிமையின் தொடக்கமாக இடம்பெற்றது. கர்னல் மெக்கன்சியின் ஆட்கள் திரட்டிய சுவடிகளிலும் புழல் குறும்பர் கதை பதிவானது. கம்பெனிக்கு முந்தியது தங்கள் உரிமை என்று காட்ட, காணியாளர்களுக்குப் புழல் வெற்றியே சாட்சியாயிற்று.

ஆனால் அந்தச் சாட்சியம் வென்றவர் பக்கத்துச் சாட்சியம். தோற்ற குறும்பருக்கு அதில் பங்கில்லை. சேற்றில் இறங்கி உழைத்த பறையர் பண்ணையாட்களுக்கும் இல்லை. வெளியாரின் ஆட்சியை எதிர்த்து நின்ற அதே மிராசு, சேரிக்காரர் தரிசு நிலம் கேட்டபோது குறுக்கே நின்றது. குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லை.

பழைய ஜாகீர்ப் பகுதியான செங்கல்பட்டின் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் இந்த நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. அவைதான் பஞ்சமி நிலங்கள். அவற்றிலும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. 1994இல் செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடிய தலித் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரும் மனுக்கள் இன்றும் கலெக்டர் அலுவலகங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன.