மிதிவண்டியின் ஆசனம்

செட்டிநாட்டில் காரைக்குடியை அடுத்துள்ள கோவிலூர் என் ஊர். கொற்றவாளீசுவரர் திருக்கோயிலாலும், வேதாந்தம் பயிற்றும் மடாலயத்தாலும் பெயர் பெற்ற ஊர் அது. அத்தகைய ஊரில் ‘ஆசனம்’ என்றால் துறவியர் அமரும் ஆசனமே எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். நான் பேச எடுத்துக்கொண்டதோ மிகச் சாதாரணமான ஓர் ஆசனம். பேச்சு வழக்கில் நாம் ‘சீட்டு’ என்று சொல்லும் சைக்கிளின் ஆசனம். சைக்கிளின் வரலாற்றைப் படிக்கும்போது சக்கரத்தையும் சங்கிலியையும் கவனிக்கிறோம். ஆசனத்தின் பக்கம் நம் கண் செல்வது அரிது. ஆயினும், சைக்கிளில் யார் போகலாம், யார் போக இயலாது என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

கல்லூரியில் படித்த காலத்தில் நான் வேட்டி கட்டிக்கொண்டு நாள்தோறும் காரைக்குடிக்குச் சைக்கிளில் போய்வருவேன். பழைய வண்டி, தோல் ஆசனம். கல்லூரி வாசலை அடையுமுன்னே வலி தொடங்கிவிடும். வெள்ளை வேட்டியில் தோலின் கறையும் ஏறிவிடும். மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று எண்ணி, தடித்த பஞ்சுறை ஒன்றை வாங்கி மாட்டினேன். வலி கூடிற்றே தவிரக் குறையவில்லை. ஊரில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் முறையிட்டேன். அவர் உறையைக் கழற்றி ஓரமாக வைத்தார். “தம்பி, கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோனால் மேலே மெத்தை போடுவாயா, கயிற்றை இழுத்துக் கட்டுவாயா?” என்று கேட்டார். பிறகு ஆசனத்தின் மூக்குக்கு அடியிலிருந்த திருகை இரண்டு சுற்று முறுக்கினார். ஆசனத்தை இரண்டு விரற்கடை தாழ்த்தினார். மெல்லிய துணியுறை ஒன்றைப் போட்டார். மறுநாள் வலி இல்லை. வேட்டியில் கறையும் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடப் புகுந்ததே என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்து வந்தது.

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரமுள்ள மரவண்டி ஒன்றைச் செய்தார். அதற்கு மிதிகட்டை இல்லை. ஏறி அமர்ந்து, காலால் தரையை உந்திச் செல்ல வேண்டும். அந்த முதல் வண்டியிலேயே திண்டு வைத்த ஆசனம் இருந்தது. 1860-களில் பாரிஸ் நகரில் மிஷோ குடும்பத்தார் செய்த வண்டிகளில் முன்சக்கரத்தோடு மிதிகட்டை பொருத்தப்பட்டது. மரச்சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை, கீழே கல் பாவிய தெரு! நீண்ட எஃகு வில்லின் மேல் ஆசனத்தை வைத்திருந்தும், ஆங்கிலேயர் அவ்வண்டிக்கு ‘எலும்பு குலுக்கி’ என்றே பெயரிட்டனர்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1866-இல் தோற்பொருள் தொழில் தொடங்கியவர் ஜான் பௌல்ட்பீ புரூக்ஸ். 1878-இல் அவருடைய குதிரை இறந்துபோயிற்று. வேலைக்குப் போவதற்குச் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கினார். அதன் ஆசனம் தந்த துன்பம் தாளாமல் தாமே புதியதொன்று செய்ய முனைந்தார். இவ்வாறு அந்நிறுவனத்தார் தம் வரலாற்றைக் கூறுகின்றனர். 1882-இல் அவர் தம் ஆசனத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பந்தய வீரர் அல்லர். அன்றாடம் தொழிலுக்குப் போய்வந்த மனிதர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

தோல் ஆசனத்தின் தத்துவம் கயிற்றுக் கட்டிலின் தத்துவமே. தடித்த தோலை இரும்புச் சட்டத்தின் முன்னும் பின்னுமாக இழுத்துக் கட்டுகிறார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் நாளடைவில் அமர்பவரின் உடலுக்கு ஏற்பக் குழிந்து கொடுக்கும். நம் நாட்டில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டது இம்முறையிலேதான். தோல் தொய்ந்தால் இழுத்துக் கட்டவே அந்த மூக்குத் திருகு அமைந்தது.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக உள்ள ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். குலுக்கல் பெரிதும் குறைந்தது. ஆனால் அமரும் முறை என்ற சிக்கல் எஞ்சி நின்றது.

நிமிர்ந்து அமரும்போது உடலின் எடை பெரும்பாலும் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளின்மேல் விழுகிறது. குனிந்து ஓட்டினால் அதில் ஒரு பகுதியைக் கைகள் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே பந்தய வீரனுக்குக் குறுகிய ஆசனம் போதும். நிமிர்ந்தே செல்லும் ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் அவ்விரு முனைகளையும் தாங்கும் அகலம் வேண்டும். பின்சக்கரத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளச் சுருள்வில்லும் வேண்டும். தடித்த பஞ்சில் எலும்பு முனைகள் புதைந்துவிட, இடையிலுள்ள மென்தசை அழுந்தி நோகிறது. ஆசனம் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தாலோ, மிதிக்குந்தோறும் இடுப்பு இருபுறமும் அசைந்து உராய்கிறது. பெரியவர் செய்த காரியங்களின் காரணம் இப்போது விளங்குகிறது அன்றோ?

உடையையும் எண்ண வேண்டும். கால்சட்டையில் நடுத்தையல் உறுத்தும். வேட்டிக்குத் தையல் இல்லை. ஆனால் மடிப்புகள் அடியில் சேர்ந்தால் அவையே உறுத்தும். அமருமுன் துணியை நீவி விட்டுக்கொள்வது நல்ல பழக்கம். சேலைக்கு நீண்ட மூக்குடைய ஆசனம் ஆகாது. இறங்கும்போது துணி அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவேதான் பெண்களுக்குரிய சைக்கிளில் அகன்று குறுகிய மூக்குடைய ஆசனமும், தாழ்ந்து வளைந்த குழாயும், சங்கிலிக்கு மூடியும், பின்சக்கரத்துக்கு வலையும் அமைந்தன.

இவை எளிதில் கிட்டியவை அல்ல. மேலைநாடுகளில் 1890-களில் பெண்கள் பெருந்தொகையினராகச் சைக்கிள் ஓட்டப் புகுந்தபோது, ஆசனம் அவர்கள் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர் சிலர் எச்சரித்தனர். பெண்கள் வண்டியை விடுவதா, ஆசனத்தை மாற்றுவதா? நல்லவேளையாக ஆசனம் மாறிற்று. நடுவில் பள்ளம் விட்டும், இரண்டு திண்டுகளாகப் பிரித்தும் புதியவை தோன்றின.

நம் நாட்டுக்குச் சைக்கிள்கள் நெடுங்காலம் இங்கிலாந்திலிருந்தே வந்தன. 1949-இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தினர், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூடி, டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொழிற்சாலை எழுந்தது. நம் ஊர்ப் பக்கத்தவர் தொடங்கிய தொழில், தமிழகத்துத் தெருக்களில் ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரோடு உலவிற்று.

ஆனால் வண்டி பெருகிய பின்னும் நாட்டுப்புறப் பெண்கள் பலர் நடந்தே சென்றனர். எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதில் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல்லுடைக்கும் பெண்கள், வயலில் உழைப்போர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றனர். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் அணிவகுத்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியபோது ஒரு செய்தியைக் குறித்தார். பெண்களுக்குரிய சைக்கிள்கள் போதாமையால் ஆண்களின் சைக்கிளில் ஏறிய அப்பெண்களுள் பலர், பிறகு அதையே விரும்பினார்களாம். ஏன் தெரியுமா? ஆசனத்திலிருந்து முன்னே செல்லும் குறுக்குக் குழாயில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம்! தனக்கு வசதி எது என்பதை ஓட்டுபவரே அறிவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பின்னர், 2001-இல் பதினோராம் வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கிற்று. 2005-இல் அத்திட்டம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் அவ்வகுப்பில் பயிலும் மாணவர் அனைவருக்கும் விரிந்தது. உங்களில் பலர் அச்சைக்கிளில்தான் பள்ளிக்குப் போயிருப்பீர்கள்.

மாணவ நண்பர்களே, தொழிற்சாலையிலிருந்து ஆசனம் எல்லாருக்கும் ஒரே அளவில்தான் வருகிறது. அதைத் தமக்கு ஏற்றதாக்கிக் கொள்வது அவரவர் கையில் இருக்கிறது. ஆசனத்தில் அமர்ந்து, கீழ்நிலையிலுள்ள மிதிகட்டையில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஆசனம் சாயாமல் மட்டமாக இருக்கட்டும். உங்கள் தங்கையோ தோழியோ, “சைக்கிள் எனக்கு ஒத்துவரவில்லை” என்று சொல்லி அதைத் திண்ணையில் சாத்திவிட்டால், உடனே அவள் உடலைக் குறை கூறாதீர்கள். ஒரு ஸ்பானரை எடுத்துவந்து முதலில் ஆசனத்தைப் பாருங்கள். இரண்டு விரற்கடை அளவிலே ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிடக் கூடாது.