வார்டில் கழியும் பாதிப் பட்டம்: பிரிட்டனின் செவிலியக் கல்வியில் கவனிக்கப்படாத பாதி

பிரிட்டனில் வயது வந்தோர் செவிலியத்தில் பட்டம் பெற விரும்பும் மாணவி வழக்கமாக மூன்றாண்டுகளில் 4,600 மணி நேரம் படிக்க வேண்டும். இதில் சரிபாதியான 2,300 மணி நேரம் வகுப்பறைக்குரியது. மீதி 2,300 மணி நேரம் மருத்துவமனை வார்டுகளிலும், வீடுதேடிச் செல்லும் செவிலியர் குழுக்களோடும், முதியோர் இல்லங்களிலும் கழிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழில்தகுதி நெறிமுறையை ஒட்டி வகுக்கப்பட்ட கணக்கு இது. நடைமுறைப் பாதியில் 600 மணி நேரம் வரை பாவனைப் பயிற்சியாக இருக்கலாம் என்று 2023இல், செவிலியத் தொழிலை ஒழுங்குபடுத்தும் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் பேரவை தளர்வு கொடுத்தது. மற்றபடி அந்தக் கணக்கே அடிப்படையாக நின்றது.

இந்தப் பட்டத்தைப் பற்றி அந்நாட்டில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வாதம் வகுப்பறைப் பாதியையே சுற்றிவந்திருக்கிறது. நோயாளியைக் குளிப்பாட்டவும் சோறூட்டவும் பட்டம் எதற்கு, அதிகம் படித்தவர்கள் படுக்கையருகே நிற்பார்களா என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப எழுந்தன. என் கருத்தில் பலவீனம் இருக்கும் இடம் வேறு. பல்கலைக்கழகப் பாதி தன் தேவையை நிறுவிவிட்டது. வார்டில் கழியும் பாதியில் மணிகளை எண்ணுகிறார்கள், அந்த மணிகளில் யார் எதைக் கற்பித்தார்கள் என்று எண்ணுவதில்லை. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வழங்கப்பட்டாலும் பல்கலைக்கழகம் வார்டுக்குள் முழுமையாக நுழையவில்லை.

பிரிட்டனில் பதிவுபெறும் செவிலியம் நான்கு கிளைகளாகப் பிரிகிறது: வயது வந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு. இவற்றில் மிகப் பெரியது முதலாவது. சட்டப்படி 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் இதில் அடங்குவர் என்றாலும், இன்றைய வார்டில் மாணவி சந்திப்பது பெரும்பாலும் முதியவர்களை. சர்க்கரை, இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, தொடக்கநிலை மறதிநோய் ஆகியவை ஒரே உடலில் கூடியிருக்கும். மருந்துப் பட்டியலில் பத்துப் பெயர்கள் இருக்கும். நியூமோனியா என்று சேர்க்கப்பட்டவரின் நியூமோனியாவை மட்டும் பார்த்துப் பராமரிக்க முடியாது. இந்தக் கிளைக்குப் பட்டப்படிப்பு தேவைப்படுவதற்கு இந்தச் சிக்கலே முதற்காரணம்.

வார்டில் நிற்கும் மாணவி கற்பவளா, கூலிக்கு ஆளா என்ற கேள்வி மிகப் பழையது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய நைட்டிங்கேல் பள்ளியின் மாணவிகள் வார்டில் உதவிச் செவிலியராக உழைத்துக்கொண்டே கற்றார்கள். அவர்களின் உழைப்பில்லாமல் மருத்துவமனை ஓடாது என்ற நிலை படிப்படியாகப் பழக்கமாகி, பிறகு ஏற்பாடாகவே உறைந்தது. 1919இல் செவிலியர் பதிவுச் சட்டம் வந்த பின்னும் அது மாறவில்லை. தேசிய சுகாதார சேவை பிறப்பதற்கு முந்தைய ஆண்டில், 1947இல், சர் ராபர்ட் வுட் தலைமையிலான குழு, பயிற்சி மாணவிக்கு முழுமையான மாணவர் தகுதி கொடுங்கள், வார்டின் ஆள்பற்றாக்குறையை அவள் தலையில் கட்டாதீர்கள் என்று பரிந்துரைத்தது. பணமும் ஆளும் இல்லை என்ற இரண்டு காரணங்களுக்கு முன்னால் அந்தப் பரிந்துரை நிற்கவில்லை. 1986இல் வெளியான 'புராஜெக்ட் 2000' திட்டமே செவிலியப் பயிற்சியை மருத்துவமனைப் பள்ளிகளிலிருந்து உயர்கல்விக்குக் கொண்டுசென்றது. அதன் பிறகும் பெரும்பாலோர் பெற்றது டிப்ளமோதான். வேல்ஸ் 2004இலும் இங்கிலாந்து 2013 செப்டம்பரிலும் பட்டத்தை மட்டுமே நுழைவாயிலாக்கின.

இந்த வரலாற்றில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. பிரிட்டனின் முதல் செவிலியப் பட்டப்படிப்பு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ், பி.எஸ்சி. நர்சிங் 1946இலேயே தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் டெல்லியிலும். பதினான்கு ஆண்டு முந்தியதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலூருக்கு வேறொரு காரணத்துக்காகத் திரும்பி வருவேன்.

இங்கிலாந்து பட்டத்தைக் கட்டாயமாக்கிய அதே 2013இன் பிப்ரவரியில், ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்த கொடிய புறக்கணிப்பைப் பற்றிய ராபர்ட் பிரான்சிஸ் விசாரணையின் இறுதி அறிக்கை வெளிவந்தது. தண்ணீர் எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டவர்கள், அழுக்கடைந்த விரிப்பில் கிடந்தவர்கள் என்று நாடே தலைகுனிந்தது. உடனே விரல் கல்வியை நோக்கி நீண்டது. பட்டம் படிக்க நிதியுதவி வேண்டுமென்றால் முதலில் ஓராண்டு வரை உதவியாளராகப் பணிபுரியட்டும் என்று அரசு யோசனை சொன்னது. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2012 நவம்பரில், வில்லிஸ் ஆணையம் இதே கேள்வியை ஆராய்ந்து, மோசமான பராமரிப்புக்கு நேரடிக் காரணம் என்று சொல்லத்தக்க பெரிய குறை எதையும் செவிலியக் கல்வியில் காணவில்லை என்று முடிவுசெய்திருந்தது. ஸ்டாஃபோர்டில் அந்தக் கொடுமை நடந்த ஆண்டுகளில் அங்கிருந்த செவிலியர் பலரும் பட்டதாரிகள் அல்லர் என்பதையும், ஆட்குறைப்பும் செலவுக் குறைப்பும் அந்த நிர்வாகத்தின் முதல் அக்கறையாக இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், பட்டத்தின் மீது பழி போடுவதில் நியாயமில்லை.

சான்றுகளும் மறுபக்கத்தையே காட்டுகின்றன. ஆய்வாளர் லிண்டா ஐகன் குழுவினர் 2014இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்து உட்பட ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 4,22,730 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தது. பட்டதாரிச் செவிலியரின் பங்கு 10 விழுக்காட்டுப் புள்ளி கூடியிருந்த இடத்தில், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்தது. இது அவதானிப்பு ஆய்வு. காரண காரியத்தை இது ஒன்றே நிறுவிவிடாது. பட்டதாரிகளை அதிகம் நியமிக்கும் மருத்துவமனை வேறு வகைகளிலும் சிறந்ததாக இருக்கக்கூடும். ஆயினும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளைப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஒரே திசையில் நிற்கும் இரண்டு பெரிய ஆய்வுகளை ஒதுக்கிவிட்டு, படித்தவர்கள் படுக்கையருகே நிற்கமாட்டார்கள் என்ற மனப்பதிவை நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

படிப்பு எப்படி உயிரைக் காக்கிறது? பொதுப்படையாகப் பேசாமல் ஒரு படுக்கையருகே நின்று பார்ப்போம். பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளியின் நிலை சரிவதைக் கண்டறிய தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை பயன்படுகிறது. ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வகுத்து 2017இல் திருத்திய முறை அது. மூச்சு வீதம், ஆக்சிஜன் செறிவு, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, உணர்வுநிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறுக்கும் தனித்தனி மதிப்பெண்; வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுத்தால் கூடுதலாக 2. கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் மருத்துவர் உடனே வந்து பார்க்க வேண்டும்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாளில் இருக்கும் 78 வயது மூதாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 22 மூச்சு: 2. ஆக்சிஜன் செறிவு 95 விழுக்காடு: 1. மேல் அழுத்தம் 108: 1. நாடி 94: 1. வெப்பமும் உணர்வும் இயல்பு. இவற்றில் எந்த எண்ணும் தனியாக யாரையும் பதறவைக்காது. ஆனால் கூட்டினால் 5 வந்துவிட்டது. நெஞ்சில் கிருமித்தொற்று, நுரையீரலில் இரத்தக் கட்டி, உள்ளே கசியும் இரத்தம் என எதுவாகவும் இருக்கலாம். இப்போது அதே மூதாட்டி இதயத்துக்காகப் பைசோப்ரோலால் மாத்திரை சாப்பிடுபவர் என்று கொள்க. அந்த மருந்து நாடியை ஏறவிடாது. நாடி 74, மதிப்பெண் 0. கூட்டுத்தொகை 4. ஆபத்து அதேதான், எல்லைக்கோடு மட்டும் தாண்டப்படவில்லை. மருந்து என்ன செய்கிறது என்று அறிந்த செவிலியர் அந்த 4ஐ 5 ஆகவே படிப்பார், மருத்துவரை அழைப்பார். அறியாதவர் படிவத்தை மூடிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார்.

இன்னும் எளிய இடத்திலும் இது நிகழும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணாமல் கண்பார்வையில் 18 என்று எழுதிவிட்டால் அந்த 2 மதிப்பெண் காணாமல் போகும், 5 வெறும் 3 ஆகிவிடும். மூச்சு எண்ணுவது வார்டில் மிகத் தாழ்ந்த வேலையாகப் பார்க்கப்படுகிறது. சரிவின் மிக முந்திய அடையாளங்களில் ஒன்று அதுதான் என்று உடலியங்கியல் படித்தவருக்குத் தெரியும்; தெரிந்தவர் அந்த நிமிடத்தை விட்டுக்கொடுக்கமாட்டார். மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அறிவியலும் அந்த ஒரு நிமிடத்தில் ஒரே செயல். கனிவுக்குப் பட்டம் பகை என்போர் அந்த நிமிடத்தைக் கவனித்ததில்லை.

ஆனால் இந்த அறிவு விரிவுரை அரங்கில் முழுமையடைவதில்லை. பைசோப்ரோலால் பற்றிய பாடம் அங்கே நடக்கலாம். இந்தப் படுக்கையில் இருப்பவருக்கு இந்த 4ஐ நம்பாதே என்று சொல்ல ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். யார் நிற்கிறார்?

மாணவி பணியாளர் எண்ணிக்கையில் சேரக்கூடாது என்பது பேரவையின் விதி. ஒரு ஷிஃப்டுக்கு ஆறு பேர் வேண்டுமென்றால் ஆறு பேர் இருக்க வேண்டும், மாணவி ஏழாவது ஆள். வுட் குழு 1947இல் கேட்டதன் சட்ட வடிவம் என்றே இதைச் சொல்லலாம். ஏட்டில் இருக்கும் இந்த ஏழாவது ஆள், உதவியாளர் ஒருவர் விடுப்பெடுத்த காலையில் ஆறாவது ஆளாகிவிடுவது எல்லா மாணவர்க்கும் தெரிந்த செய்தி. அன்று அவள் படுக்கை விரிப்பாள், உணவு கொடுப்பாள், பன்னிரண்டரை மணி நேரம் ஓடுவாள். அவை இழிவான வேலைகள் அல்ல. பராமரிப்பின் அடித்தளமே அவைதான். ஆனால் அவற்றைச் செய்யும்போது நோயாளியின் தோலில், மூச்சில், பேச்சில் எதைப் பார்க்க வேண்டும் என்று சுட்டிக்காட்ட யாரும் இல்லையென்றால், பன்னிரண்டரை மணி நேரமும் 2,300இல் வரவு வைக்கப்படும், கற்றல் மட்டும் நிகழ்ந்திருக்காது.

2008இன் விதிகளில், நடைமுறைப் பயிற்சியில் மாணவியின் நேரத்தில் குறைந்தது 40 விழுக்காடு ஒரு வழிகாட்டிச் செவிலியரின் மேற்பார்வையில் கழிய வேண்டும் என்று இருந்தது. 2018இல் வந்த புதிய தரநிலைகள் வழிகாட்டி முறையை நீக்கி, நடைமுறை மேற்பார்வையாளர், நடைமுறை மதிப்பீட்டாளர், கல்விசார் மதிப்பீட்டாளர் என்று பொறுப்பை மூன்றாகப் பிரித்தன. கற்பிப்பவரே மதிப்பிடுபவராகவும் இருக்கும் சிக்கலைத் தீர்த்தது நல்ல மாற்றம். பிசியோதெரபிஸ்டும் மருத்துவரும் மாணவியை மேற்பார்வையிடலாம் என்பதும் நல்லதே. ஆனால் அந்த 40 விழுக்காடு எண் மறைந்துவிட்டது. மணிக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த மணிகளில் ஆசிரியர் இருந்தாக வேண்டிய பங்கை மட்டும் விட்டுவிட்டார்கள். அதே தரநிலைகள் ஊசியேற்றி இரத்தமெடுப்பது, நெஞ்சொலி கேட்பது போன்ற திறன்களையும் மாணவியிடம் எதிர்பார்க்கின்றன. கற்க வேண்டியது கூடியது, கற்பிப்பவருக்கான உறுதி குறைந்தது.

மணி எண்ணிக்கை மட்டும் தரத்தை உறுதிசெய்யாது என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கே பட்டப்படிப்பில் குறைந்தபட்ச நடைமுறைப் பயிற்சி 800 மணி நேரம். பிரிட்டனில் உள்ளதில் பாதியைவிடக் குறைவு. ஆஸ்திரேலியச் செவிலியர் அரைகுறையாகத் தேறியவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. 2,300ஐக் குறைக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். எண் பெரியதாக இருப்பதாலேயே வேலை முடிந்தது என்று நினைக்கிறோம் என்பதே.

பணத்தைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2017 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் சேர்ந்த மாணவர்களுக்குப் பழைய உதவித்தொகை நிறுத்தப்பட்டு, ஆண்டுக்கு 9,250 பவுண்டு வரை கட்டணமும் கடனும் வந்தன. அந்த ஆண்டு ஜனவரிக் கெடுவின்போது இங்கிலாந்திலிருந்து செவிலியத்துக்கு விண்ணப்பித்தோர் 23 விழுக்காடு குறைந்திருந்தனர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு முப்பது வயதில் படிக்க வருபவர்கள் இந்தத் துறையில் ஏராளம்; அவர்களுக்குக் கடன் என்பது வெறும் கணக்கு அல்ல. 2020 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் திரும்ப வந்தது. ஸ்காட்லாந்து 10,000 பவுண்டு தருகிறது, கட்டணமும் வாங்குவதில்லை. தான் உழைக்கும் வார்டுக்கே கட்டணம் கட்டும் நிலை அநியாயம் என்று மாணவர்கள் சொல்வது சரி. ஆனால் தீர்வாக அந்த மணிகளுக்குச் சம்பளம் கேட்பதில் நான் தயங்குகிறேன். சம்பளம் வாங்குபவளை ஆறாவது ஆளாக நிறுத்த நிர்வாகத்துக்கு நியாயம் கிடைத்துவிடும். மாணவி வாழ்வதற்கான தொகை படிப்புக்காக வர வேண்டும், ஷிஃப்டுக்காக வரக்கூடாது. அந்த வகையில் ஸ்காட்லாந்தின் வழியே சரியானது.

இப்போது வேலூருக்கு வருகிறேன். அங்கே செவிலியக் கல்லூரியும் மருத்துவமனையின் செவிலியச் சேவையும் இணைந்தே வளர்ந்தன. பாடம் நடத்தும் ஆசிரியர் வார்டுப் பொறுப்பையும் ஏற்கும் மரபு உண்டு. காலையில் வகுப்பில் கற்பித்ததை மாலையில் படுக்கையருகே காட்டுபவர் அதே ஆள். பிரிட்டன் 1986க்குப் பிறகு செவிலியப் பள்ளிகளை மருத்துவமனைகளிலிருந்து பிரித்துப் பல்கலைக்கழக வளாகங்களுக்குக் கொண்டுபோனபோது இழந்தது இந்தப் பிணைப்பைத்தான். பெற்றது பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் இழப்பை ஈடுகட்ட வேண்டும். இரு இடத்திலும் பதவி வகிக்கும் ஆசிரியர்கள் பிரிட்டனிலும் உண்டு, மிகச் சிலரே.

அதற்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கு அரசின் சொந்த அட்டவணையே பதில் சொல்கிறது. மாணவருக்கு நடைமுறைப் பயிற்சி இடம் தருவதற்காக இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்ட தொகை, 2021-22இல், மருத்துவ மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 30,000 பவுண்டு. செவிலிய மாணவிக்குச் சுமார் 5,000. ஒரே வார்டில், ஒரே மூதாட்டியின் அருகே நின்று கற்கும் இருவர் இவர்கள். மருத்துவ மாணவருக்கான தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை. செவிலிய மாணவிக்கான தொகையை உயர்த்தி, உயர்த்திய பகுதி முழுவதும் வார்டில் நிற்கும் ஆசிரியரின் ஊதியத்துக்கே செலவாக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். மேற்பார்வையாளரின் கற்பித்தல் நேரத்தை டூட்டி ரோஸ்டரில் தனி வரியாக எழுதி, அந்த வரி நீக்கப்பட்ட ஷிஃப்டுகளை மாணவியின் 2,300இலிருந்து கழித்துவிடலாம். கழித்த மணிகளை ஈடுசெய்து தரும் பொறுப்பும் செலவும் அந்த மருத்துவமனையைச் சேரட்டும்.