கூட்டுக் கற்றலும் எண்ணிமக் கருவிகளும்: கழக்கூட்டத்தின் ஆய்வுச்சூழலை முன்வைத்து

கணினியும் இணையமும் வந்த பிறகே உயர்கல்வி ஆய்வாளர்கள் கூடிக் கற்கத் தொடங்கினர் என்னும் எண்ணம், இன்று கல்வித் திட்டங்கள் பலவற்றில் ஆராயப்படாமலே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கத் திருவனந்தபுரம் நகரின் வடபுறத்திலுள்ள கழக்கூட்டம் ஏற்ற இடமாகும். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம், 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க், 1977இல் உருவான பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி ஆகிய மூன்றும் அங்கே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்துள்ளன. ஆதலால் சொற்களை அட்டைகளில் எழுதிப் பெட்டிகளில் அடுக்கிய அட்டைப்பெட்டிக் காலத்து ஆய்வுமுறையையும் வலையமைப்புக் காலத்து ஆய்வுமுறையையும் ஒரே நிலப்பரப்பில் வைத்து ஒப்பிட முடிகிறது. பலர் கைபட்டாலன்றி முடியாத ஒரு பொதுப்பணியும், அப்பணிக்கென அவர்கள் வாதிட்டு ஏற்றுக்கொண்ட நெறியும்தாம் கூட்டுக் கற்றலைத் தோற்றுவிக்கின்றன என்பதும், எண்ணிமக் கருவி அதன் வேகத்தையும் எல்லையையும் மாற்றுகிறதே தவிர அதற்கு மூலமாவதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பணியைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, தனித்தனியே முடித்து, இறுதியில் ஒட்டவைப்பது பகிர்பணி எனப்படும். ஒரே சிக்கலைப் பற்றிய பொதுப் புரிதலைத் தொடர்ந்து பேசி உருவாக்கி, அது குலையும்போதெல்லாம் மீண்டும் சரிசெய்துகொண்டு செயற்படுவதே கூட்டுக் கற்றல். 1995இல் ஜெரமி ரோஷெல், ஸ்டெபனி டீஸ்லி ஆகியோர் இவ்வரையறையை முன்வைத்தனர். 1999இல் பியர் டிலென்பூர்க் பதிப்பித்த தொகுப்பு நூல் அதனை விரித்து ஆராய்ந்தது. கணினித் துணையுடனான கூட்டுக் கற்றல் என்னும் ஆய்வுத்துறைக்கான மாநாடு 1995இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. 

இவ்வரையறை எழுவதற்கு நெடுநாள் முன்பே காரியவட்டத்தில் கூட்டு ஆய்வு மரபை உருவாக்கியவர், நாகர்கோவில் வடசேரியில் 1926இல் பிறந்த வ.அய். சுப்பிரமணியம். அவருடைய புறநானூற்றுச் சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது. மறு ஆண்டு அங்கு மொழியியல் துறை தொடங்கப்பட்டபோது அதன் தலைமையை அவர் ஏற்றார். அதன்பின் அம்மரபில் வந்த ஆய்வேடுகளில் ஓர் ஒழுங்கைக் காணலாம். ஒரு மாணவர் ஒரு பழந்தமிழ் நூலை எடுத்துக்கொண்டு, அதன் ஒலியமைப்பு, சொல்லமைப்பு, தொடரமைப்பு ஆகியவற்றை விளக்கமுறையில் எழுதி, உடன் சொல்லடைவும் தருவார். ச.வே. சுப்பிரமணியன் சிலப்பதிகாரத்தின் மொழியை ஆராய்ந்ததும், மா. இளையபெருமாள் ஐங்குறுநூற்றின் இலக்கணத்தைச் சொல்லடைவுடன் எழுதியதும் இவ்வழியில்தான். ஒவ்வோர் ஏடும் தனியொருவரின் பட்டத்திற்குரியது. ஆயினும் அவற்றை வரிசையாக வைத்து நோக்கினால், எவரும் தம் வாழ்நாளில் தனித்து எழுதி முடிக்க இயலாத ஒரு பெருநூலின், அதாவது பழந்தமிழ் மொழியின் வரலாற்றிலக்கணத்தின், அதிகாரங்களாகவே அவை அமைகின்றன.

இப்பணியில் பேச்சு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்லடைவு ஆக்கும் முறையை அருகிருந்து பார்த்தால் அறியலாம். அடைவு செய்பவர் நூலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் அது வரும் பாட்டெண், அடியெண், இலக்கண வகை ஆகியவற்றோடு தனித்தனி அட்டையில் எழுதி அகரநிரலாக அடுக்குவார். இலக்கண வகை என்னும் இடத்தில் அவர் கை தயங்கும். எடுத்துக்காட்டாக, 'கண்டிசின்' போன்ற வினைவடிவம் ஒன்று வருகிறது எனக் கொள்வோம். தொல்காப்பியம் 'சின்' என்பதை முன்னிலை அசைச்சொற்களுள் ஒன்றாக வைத்து, பிற இடங்களிலும் அது வரும் என்று அடுத்த நூற்பாவில் இடந்தருகிறது. இக்கால மொழியியலாளர் சிலரோ அவ்வுருபை இறந்தகாலம் காட்டும் இடைநிலையோடு இணைத்துக் காண்கின்றனர். அசை என்று கொண்டால் அட்டை ஒரு பெட்டிக்கும், கால இடைநிலை என்று கொண்டால் வேறொரு பெட்டிக்கும் போகும். புறநானூற்றுக்கு அடைவு செய்தவர் ஒருவாறும் ஐங்குறுநூற்றுக்குச் செய்தவர் வேறொருவாறும் முடிவெடுத்துவிட்டால், இரண்டு அடைவுகளும் தனித்தனியே பிழையற்றவையாக இருந்தும், ஒன்றோடொன்று சேர்த்து எண்ண முடியாதவை ஆகிவிடும். எனவே, தன் நூலை மட்டுமே ஆராயும் மாணவரும் அடுத்த மேசையில் இருப்பவரின் நூலைப் பற்றிக் கேட்கவும், வாதிடவும், சிலவேளை தம் முடிவை விட்டுக்கொடுக்கவும் வேண்டியவராகிறார். மேலே சொன்ன வரையறையிலுள்ள பொதுப் புரிதல் என்பது, இங்கே ஓர் அட்டையை எந்தப் பெட்டியில் இடுவது என்னும் கேள்வியாகவே வந்து நிற்கிறது.

அதே மொழியியல் துறை 1974இல் வெளியிட்ட ஈழவர்–தீயர் பேச்சுவழக்கு பற்றிய மலையாளக் கிளைமொழி ஆய்வும், பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி 1990 முதல் வெளியிட்ட திராவிடக் கலைக்களஞ்சியத் தொகுதிகளும் இவ்வியல்பை இன்னும் விரிந்த அளவில் காட்டுகின்றன. களப்பணியாளர் பலர் பல ஊர்களில் திரட்டும் சொற்கள் ஒரே வரைபடத்தில் அமர வேண்டுமாயின், கேட்கும் கேள்வியும் எழுதும் ஒலிக்குறியும் எல்லார்க்கும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஆயினும் இம்மரபைக் குறையற்றதென்று போற்றுவது ஆய்வு நேர்மை ஆகாது. நெறியைப் பெரிதும் மையத்திலிருந்த ஆசிரியரே வகுத்தார். அட்டைகள் அவை எழுதப்பட்ட இடத்திலேயே இருந்தன. அச்சேறிய அடைவைப் படிக்கும் வெளியூர் ஆய்வாளர் முடிவைக் காணலாமேயன்றி, அம்முடிவுக்கு முன் நிகழ்ந்த வாதத்தைக் காணவோ அதில் பங்குகொள்ளவோ வழி இருக்கவில்லை. எண்ணிமத் தொழில்நுட்பம் உண்மையாகவே தீர்க்கக்கூடிய குறை இதுவே.

2000ஆம் ஆண்டு கேரள அரசு டெக்னோபார்க்கில் நிறுவிய இந்தியத் தகவல் தொழில்நுட்ப மேலாண்மை நிறுவனம், தன் தொடக்ககால இயக்குநர் கே.ஆர். ஸ்ரீவத்சனின் முயற்சியால், எஜுகேஷன் கிரிட் என வழங்கிய கல்வி வலையமைப்புத் திட்டத்தை மேற்கொண்டது. தேர்ந்த ஆசிரியர்களின் பாடப்பொருளை மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளுக்கு வலைவழியே எட்டச்செய்வதும், கல்லூரி ஆசிரியர்களை அம்முயற்சியில் ஈடுபடுத்துவதும் அதன் நோக்கம். ஆசிரியர் தட்டுப்பாடு மிகுந்திருந்த அக்காலத்தில் இது துணிவும் தொலைநோக்கும் உடைய செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடத்தைப் பரிமாறும் வலையமைப்பும் ஆய்வைக் கூடிச் செய்யும் வலையமைப்பும் ஒன்றல்ல. பாடம் முடிந்த பொருள். அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் போய்ச் சேர்ந்தால் அதன் பயன் நிறைவேறும். ஆய்வோ முடியாத பொருள். போய்ச் சேர்ந்த இடத்தில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தால்தான் அது வளரும். மார்ட்டின் டூகியாமாஸ் 2002இல் வெளியிட்ட மூடில் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருள், கற்போர் கூடி அறிவைக் கட்டமைக்கின்றனர் என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டது. அதனை ஏற்ற கல்லூரிகள் பலவற்றில் பாடக்குறிப்பு ஏற்றவும் ஒப்படைப்பு வாங்கவுமே அது பயன்படுகிறது. கொள்கை மென்பொருளுக்குள் இருந்தும் வகுப்பில் பொதுப்பணி இல்லாதபோது அக்கொள்கை செயற்படுவதில்லை.

பொதுப்பணி இருக்கும் இடத்தில் எளிய கருவியே போதுமானதாகிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் மின்னூலாக்கி வருகின்றனர். அங்கே பணி பெரிது, கருவி சிறிது. அத்தகைய பணியிலும் அட்டைப்பெட்டிக் காலத்துச் சிக்கல் வேறு வடிவில் எழவே செய்கிறது. எடுத்துக்காட்டாக, மலையாளத்தின் சில்லெழுத்துகளை, அதாவது உயிரேறாத மெய்யைக் குறிக்கும் தனிவடிவங்களை, யூனிகோடு குறியேற்றத்தில் எவ்வாறு அமைப்பது என்பது பற்றி நெடுநாள் கருத்து வேறுபாடு நிலவியது. 2008இல் வெளிவந்த யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக்குறியிடங்கள் தந்தது. அதற்குமுன் எழுத்துத்தொடராக உள்ளிடப்பட்ட அதே சொல், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கணினிக்கு வேறாகிறது. இரு வடிவங்களையும் இணைத்துப் பார்க்கும்படி அமைக்கப்படாத தேடல் அதைத் தவறவிடுகிறது. ஒரே சொல்லின் அட்டை இரு பெட்டிகளில் கிடக்கும் நிலைதான் இது. கணினி இச்சிக்கலை நீக்கவில்லை; ஓர் அறைக்குள் நான்கு மாணவர் பேசித் தீர்த்ததை, ஒருவரையொருவர் காணாத நூற்றுக்கணக்கானோர் பேசித் தீர்க்க வேண்டிய நிலைக்கு அதனை விரித்திருக்கிறது.

இவ்விடத்தில் உயர்கல்வியின் மதிப்பீட்டு முறை குறுக்கே நிற்கிறது. முனைவர் பட்ட விதிகள் ஆய்வேடு தனியொருவரின் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும் என்கின்றன. பிறர் உழைப்பைத் திருடுவதைத் தடுக்க அது தேவையே. ஆயினும் பலர் சேர்ந்து திரட்டிய தரவுத்தொகுதிக்கோ, பிறர் தரவைத் திருத்திய உழைப்புக்கோ அவ்விதிகள் பெயரிடுவதில்லை. பெயரற்ற உழைப்பை இளம் ஆய்வாளர் தவிர்ப்பது இயல்பு. மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தட்டச்சு செய்தவரையும் மெய்ப்புப் பார்த்தவரையும் முகப்பிலேயே பெயர் சொல்லிக் குறிக்கின்றன. ஊதியமோ பட்டமோ தராத ஒரு தன்னார்வப் பணி கடைப்பிடிக்கும் இந்நேர்மையைப் பல்கலைக்கழகங்கள் கடைப்பிடிக்காதது வருந்தத்தக்கது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளைத் தொடர்ந்து ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் பொதுப்பார்வைக்கு வைக்கப்படுகின்றன; இது பெரும்பேறு. ஆனால் பழைய ஏடுகள் பல வருடிய படங்களாகவே அங்கு உள்ளன; ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கிய சொல்லடைவு ஒன்று பின்னிணைப்புப் படமாகக் கிடக்கும்போது, அதைப் படிக்கலாமே தவிர, வேறோர் அடைவோடு சேர்க்க முடியாது.

இக்குறைகளைத் தீர்க்கும் வாய்ப்பு இப்பகுதியிலேயே உள்ளது. டெக்னோபார்க்கில் தொடங்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்ப மேலாண்மை நிறுவனம் 2020இல் கேரள எண்ணிமப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டு, இன்று மங்கலபுரத்துக்கு அருகிலுள்ள டெக்னோசிட்டியில் இயங்குகிறது. மொழித் தொழில்நுட்பம் அதன் பழைய ஆய்வுக்களங்களுள் ஒன்று. காரியவட்டத்தில் தமிழ்த் துறையும் மொழியியல் துறையும், பல்லாயிரம் ஓலைச்சுவடிகளைக் கொண்ட கீழ்த்திசை ஆய்வு நிறுவனச் சுவடி நூலகமும் உள்ளன. இவ்விரு தரப்பும் ஒரு சுவடித் தொகுதியை எடுத்து, படியெடுப்பு, சொற்பிரிப்பு, இலக்கணக் குறியிடல் ஆகிய மூன்றையும் பொதுவில் செய்வதாயின், தமிழ் மாணவரும் கணினியியல் மாணவரும் ஒருவரின்றி ஒருவர் முன்செல்ல முடியாத நிலை தானே ஏற்படும். 'சின்' என்பதற்கு இடும் குறி நிரலருக்கு ஒரு தரவு வகையாகவும் தமிழ் ஆய்வாளருக்கு ஓர் இலக்கணக் கொள்கையாகவும் இருக்கும். அதை மாற்றியவர் யார், எந்நாளில், என்ன காரணத்தால் என்பது பதிவேட்டில் நிற்கும். அட்டை மரபு வெளியுலகிற்குக் காட்ட முடியாமற்போன வாதத்தை இப்பதிவேடு காட்டும். அதற்கு முன்பாக, அப்பதிவேட்டில் காணும் பங்களிப்பை ஆய்வேட்டின் ஒரு பகுதியாகத் தேர்வாளர்கள் மதிப்பிட இடந்தரும் விதித்திருத்தம் ஒன்றைப் பல்கலைக்கழகங்களின் கல்விப் பேரவைகள் நிறைவேற்றியாக வேண்டும்.