கோணம் சொல்லாத நாற்கரம்

இணைகரத்தின் எதிர்க்கோணங்கள் சமம். அடுத்துள்ள கோணங்களின் கூடுதல் 180 பாகை. பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த இப்பண்பை இந்தியக் கணித மரபின் பழைய நூல்களில் இவ்வடிவில் தேடுவது வீண். அவை நாற்கரத்தைப் பக்கம், மூலைவிட்டம், குத்துயரம் ஆகியவற்றால் ஆராய்ந்தன. வானியலின் ஜியா அட்டவணைகள்கூட வட்டவில்லுக்கு உரியவையே. இதனைக் குறைபாடு என்போர் உளர். ‘எல்லாம் முன்பே இருந்தது’ என்போரும் உளர். லீலாவதி இரு சாராருக்கும் இடங்கொடுப்பதில்லை.

பாஸ்கரர் (கி.பி. 1150) நான்கு பக்கங்களும் 25 அலகான நாற்கரத்தை எடுத்துக்கொள்கிறார். பிரம்மகுப்தர் 628இல் தந்த வாய்பாட்டில் பக்கங்களை மட்டும் இட்டால் பரப்பு 625. சதுரத்திற்கு இது சரி. ஆனால் ஒரு மூலைவிட்டம் 30 எனில் மற்றது 40, பரப்பு 600; ஒன்று 14 எனில் மற்றது 48, பரப்பு 336. பக்கங்கள் மாறவில்லை, பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது! அவ்வாய்பாடு வட்ட நாற்கரத்திற்கே துல்லியமானது. சாய்சதுரங்களுள் வட்டத்தில் அமைவது சதுரம் ஒன்றே. மூலைவிட்டமோ குத்துயரமோ கூறாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பாஸ்கரர் பிசாசு என்கிறார். விடை சொல்பவன் அவனினும் மோசமானவனாம். கணித நூலில் இத்தகைய சினம் அரிது.

இன்றைய மொழியில், முதல் சாய்சதுரத்தின் கோணங்கள் சுமார் 74, 106 பாகை. இரண்டாவதில் சுமார் 32.5, 147.5. ஒரு கோணம் தெரிந்தால் ஏனைய மூன்றும் தெரியும். அதாவது பக்கங்களுக்கு மேல் ஒரே ஒரு தகவல் போதும். நாம் அதைக் கோணமாகத் தருகிறோம். பாஸ்கரர் மூலைவிட்டமாகக் கேட்டார். அவர் அதற்கு இட்ட பெயர் ‘கர்ணம்’. அச்சொல் தமிழ்ப் பாடநூலில் செங்கோண முக்கோணத்தோடு சுருங்கிவிட்டது வேறு கதை.

கோணம்வழிக் கூற்று சமஸ்கிருதத்தில் முழுமையாக வந்தது ரேகாகணிதத்தில். சவாய் ஜெய்சிங்கின் ஆதரவில் ஜகந்நாத சாம்ராட், நசீருத்தீன் தூசியின் அரபு வடிவத்திலிருந்து 1718ஆம் ஆண்டளவில் யூக்ளிட்டைப் பெயர்த்தார். யூக்ளிட்டின் முதல் நூலில் 34ஆம் தேற்றம் இணைகரத்தின் எதிர்ப்பக்கங்களும் எதிர்க்கோணங்களும் சமமென நிறுவுகிறது. அங்கே 25 இல்லை, 600 இல்லை, எண்ணே இல்லை. இணைகோடுகளின் இயல்பிலிருந்து மட்டுமே முடிவு பெறப்படுகிறது. ஆகவே ஜகந்நாதர் கொணர்ந்த புதுமை நாற்கரம் பற்றிய கூடுதல் செய்தியன்று, அளவே இல்லாமல் வடிவத்தைப் பேசும் முறையாகும்.