ஐந்தறைப் பெட்டியில் உலக சரித்திரம்

உலக சரித்திரம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பரீட்சைக்கு முதல் நாள் இரவு உருப்போட்ட பெயர்ப் பட்டியல்தான். பிளினி, அலாரிக், வாஸ்கோ ட காமா. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்றைக்கும் அப்படியேதான் படிக்கிறார்கள். ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் ஆண்டு, பொருத்துக. இந்தப் பெயர்களுக்கும் நம் போடி மலைக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

முதலில் கொஞ்சம் பூகோளம். போடிமெட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே விழுவது கொட்டக்குடி ஆறாக இறங்கி வைகையில் சேருகிறது. மேற்கே விழுவது பன்னியாறு, முதிரப்புழை வழியாகப் பெரியாற்றில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது. அந்தப் பெரியாறு கடலைத் தொடும் பகுதியில்தான் சேரர்களின் முசிறி இருந்தது. மிளகு விளையும் மலையும் மிளகு ஏற்றிய துறைமுகமும் ஒரே ஆற்றின் இரு முனைகள்.

மலைக்கு இந்தப் பக்கமும் பணம் புழங்கியிருக்கிறது. போடியில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையல் நாணய ஆய்வாளர்களிடையே பெயர் பெற்றது. கணித மேதை டி.டி. கோசாம்பி அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் காசுகளின் பின்புறம் மீன் சின்னம் இருப்பதால் அவை பாண்டியருடையவை என்கிறார்கள்.

இனி சில சொற்களைப் பார்ப்போம்.

யவனர். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கிரேக்கர் வாழ்ந்த பகுதி அயோனியா. அதை வைத்துப் பாரசீகர்கள் கிரேக்கரை ‘யௌனா’ என்றார்கள். அசோகர் கல்வெட்டில் அது ‘யோன’ ஆனது, தமிழில் ‘யவனர்’ ஆனது. பின்னாளில் ரோமானியர், அரேபியர் என்று மேற்கிலிருந்து வந்த எல்லோருக்கும் அதே பெயர்தான்.

அந்த யவனர் கொண்டுபோன மிளகைப் பார்த்து அலுத்துக்கொண்டவர் பிளினி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய அறிஞர். மிளகில் உறைப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது, இதற்காகவா இந்தியா வரை போகிறார்கள் என்பது அவர் வியப்பு. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று கணக்கும் எழுதி வைத்தார். கருமிளகு ராத்தல் 4 தினாரியஸ் என்று விலையையும் குறித்தார்.

அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்த எனக்குப் பிளினியைவிடப் பிடித்தது முசிறி பாப்பிரஸ்தான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கிரேக்க ஆவணம் இப்போது வியன்னாவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ‘ஹெர்மபொல்லான்’ என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. சரக்கைப் பாலைவனம் தாண்டி எப்படிக் கொண்டுவருவது, எந்தக் கிடங்கில் முத்திரை வைத்துப் பூட்டுவது, எல்லாம் அதில் உண்டு. சுங்கவரி நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம். இரண்டாயிரம் ஆண்டுகள் ஆனாலும் குமாஸ்தாவின் கை குமாஸ்தாவுக்குத் தெரிகிறது.

கி.பி. 408-இல் கோத்தியர் தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டான். விலகிப் போக அவன் கேட்டது 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, அவற்றோடு 3,000 ராத்தல் மிளகு. கொடுத்தார்கள். ஆனாலும் 410-இல் நகரைக் கொள்ளையடித்துவிட்டான். பொன்னுக்குச் சமமாக மிளகும் கப்பமாகப் போன காலம் அது.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் யானை விலையை ‘மிளகு போல விலை’ என்பார்கள். மிளகுக்கு அவர்கள் சொல்லும் ‘புவாவ்ர்’, லத்தீன் ‘பைப்பர்’ வழியாக வந்தது. அதன் மூலம் வடமொழிப் ‘பிப்பலி’, நம் திப்பிலி. ‘ஜான்ஜாம்ப்ர்’ என்றால் இஞ்சி. அதன் வேரைத் தேடிப் போனால் நம் ‘இஞ்சி வேர்’ வரை வந்து நிற்கிறது என்கிறார்கள் மொழியறிஞர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் வாசனைச் சரக்குக்கு ‘எப்பீஸ்’ என்று பெயர். மன்னராட்சிக் காலத்தில் வழக்காடுபவர்கள் நீதிபதிக்கு நன்றியாகக் கொஞ்சம் ‘எப்பீஸ்’ கொடுப்பார்கள். நாளடைவில் அது கட்டாயமானது, பிறகு ரொக்கமானது, பெயர் மட்டும் ‘எப்பீஸ்’ என்றே நின்றது. பிரெஞ்சுப் புரட்சி வந்துதான் அதை ஒழித்தது. நம் ஊர் ‘மாமூல்’ என்ற சொல்லின் கதையும் ஏறக்குறைய இதுதான் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இடைக்காலத்துக்கு வருவோம். கி.பி. 849-இல் கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகர் குழுக்களின் பெயர் வருகிறது. சாட்சிகள் அரபியிலும், பாரசீகப் பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர், பார்சி எல்லோரும் ஒரே பத்திரத்தில்! 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது இந்த வியாபாரத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயதாகிவிட்டது. அவர் கடல்வழி ஒன்றைக் கண்டுபிடித்தார், சந்தையை அல்ல.

போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுப்போன சொற்களில் ஒன்று ‘ஏலம்’. கூவி விற்பதற்கு அவர்கள் மொழியில் ‘லெய்லாவ்ன்’. அதுவும் அறிவிப்பைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆக, போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு மையத்தில் ‘ஏலக்காய் ஏலம்’ நடக்கிறது என்றால், முதல் ஏலம் நம் மலையில் விளைந்தது, இரண்டாவது ஏலம் அரேபியாவில் கிளம்பி லிஸ்பன் சுற்றி வந்தது. எழுத்தில் ஒன்று, வயதில் வேறு.

இவ்வளவு பெயர் சொன்னேன். விலை எழுதியவன் பெயர் இருக்கிறது, கப்பம் கேட்டவன் பெயர் இருக்கிறது, கப்பலுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. அட்டையும் குளிருமாகக் கிடந்த காட்டில் மிளகு பறித்தவர், தலைச்சுமையாய் இறக்கியவர் பெயர் ஒன்றுகூட எந்தச் செப்பேட்டிலும் பாப்பிரஸிலும் இல்லை. இன்று விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் நம் பெண்களின் பெயரும் எந்தப் பாடப்புத்தகத்திலும் வரப்போவதில்லை.

அதனால் பேரப்பிள்ளைகள் அடுத்த முறை அலாரிக் ஆண்டை உருப்போடும்போது, அடுப்படியிலிருந்து ஐந்தறைப் பெட்டியை எடுத்து வந்து முன்னால் வையுங்கள். நாலு மிளகைக் கையில் கொடுத்து, ரோமாபுரியை மீட்க இதைத்தான் கேட்டான் என்று சொல்லுங்கள். பிறகு, இதைப் பறித்தது யாராக இருக்கும் என்று ஒரு கேள்வியும் கேட்டு வையுங்கள்.