கலயமும் வாளியும்

கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருகிறவர்கள் இருட்டிய பிறகுதான் வருவார்கள். சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரம்பாங் மரங்களில் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னும் நேரம் அது. என் பெரியப்பாவின் வேலை அதற்குள் முடிந்திருக்கும். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் தென்னங்கள் இறக்கியவர் அவர். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மரமேறுவார்.

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் அக்காள் மகன் முதன்முதலாக பீர் காய்ச்சியபோது நானும் கூட நின்றேன். அங்கே ஒரு வீட்டில் சொந்தத் தேவைக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ளலாம். மலேசியாவில் உரிமம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அன்று அடுப்படியில் நின்ற நேரம் முழுக்கப் பெரியப்பாவின் ஞாபகமாகவே இருந்தது.

இரண்டும் நொதித்த பானங்கள்தாம். ஆனால் வேலையின் பாரம் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் விழுகிறது. தென்னம்பாளையிலிருந்து சொட்டும் நீரில் சர்க்கரை தயாராகவே இருக்கிறது. பார்லியில் இருப்பது மாவுச்சத்து. தானியத்தை முளைகட்டி உலர்த்திய மால்ட்டை 65 முதல் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால்தான் அந்த மாவு சர்க்கரையாகும். சூடு அளவுக்கு மேல் ஏறினால் மாவை உடைக்கும் என்சைம் செத்துவிடும். அதனால் மருமகன் வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, கடைசியில்தான் ஈஸ்ட். அரை நாள் போய்விட்டது.

பெரியப்பாவுக்கு அடுப்பே கிடையாது. அவருடைய பாடெல்லாம் நொதிப்பதற்கு முன்னால். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, வாரக்கணக்கில் இளக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் உள்ளே நசுங்கிவிடும், மெல்லத் தட்டினால் நீர் இறங்காது. சொட்டத் தொடங்கிய பின் ஒவ்வொரு ஏற்றத்திலும் நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும்.

சுத்தம் என்ற ஒரு சொல்லில்தான் இரண்டும் நேர் எதிராக நிற்கின்றன. மருமகன் வாளி, குழாய், கரண்டி, மூடி எல்லாவற்றையும் கிருமிநாசினியில் நனைத்தான். கொதித்து ஆறிய சாற்றில் வேறு கிருமி விழுந்தால் பீர் புளித்துப்போகும், அவன் போடும் ஈஸ்ட் மட்டுமே அங்கே வேலை செய்ய வேண்டும். பெரியப்பா பதநீருக்கு மட்டும்தான் கலயத்தை நன்றாகக் கழுவிச் சுண்ணாம்பு தடவுவார். கள்ளுக்கான கலயத்தின் அடியில் நேற்றைய மிச்சம் கொஞ்சம் இருக்கும். அந்த மண்டிதான் இன்றைய கள்ளுக்கு விதை. ஈஸ்டும் பாக்டீரியாவும் கலந்த ஒரு கூட்டம் அது. அதனால் இறக்கிய காலையில் இனிப்பு, உச்சியில் வேகம், மாலையில் புளிப்பு, விட்டுவைத்தால் காடி. பீரோ வாரக்கணக்கில் பொறுத்திருக்கும். ஹாப்ஸின் கசப்பு பாக்டீரியாவை அடக்கிவைக்கிறது.

முதல் வாளி கெட்டது, சுத்தக்குறைவால் அல்ல, சூட்டால். அவன் வாங்கியிருந்த ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். அடுக்குமாடி வீட்டு அறையோ 30 டிகிரி. ஈரத்துணி சுற்றினோம், ஐஸ் போத்தல்களை அடுக்கினோம், போதவில்லை. அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.048இலிருந்து 1.010க்கு ஒழுங்காகத்தான் இறங்கியது, சுமார் 5 விழுக்காடு ஆல்கஹால். கணக்கு சரியாக வந்தது, வாயில் வைத்தால் நகப்பூச்சு வாசம். பையன் முகம் வாடிவிட்டது. இதே வெக்கையில், இதைவிட மோசமான வெயிலில், பெரியப்பாவின் கலயம் ஒருநாளும் இந்த வாசம் அடித்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டாம் வாளிக்கு நோர்வே நாட்டுப் பண்ணைகளின் குவெய்க் ஈஸ்டை வரவழைத்தான். 35 டிகிரியிலும் கெடாமல் சில நாளிலேயே வேலையை முடித்தது. அந்தப் பண்ணைக்காரர்கள் வாளியின் அடி மண்டியை மரவளையத்தில் தோய்த்து உலர்த்தி, அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்தார்கள். பெரியப்பாவின் கலயத்தடி மிச்சமும் இதே அறிவுதான் என்று அப்போது பட்டது. 1516இல் பவேரியா பீருக்கு நீர், பார்லி, ஹாப்ஸ் என்று சட்டம் போட்டபோது ஈஸ்டின் பெயர் அதில் இல்லை. கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் தனி ஈஸ்டைப் பிரித்து வளர்த்தது 1883இல்தான். அதுவரை அங்கேயும் மண்டியை நம்பித்தான் காய்ச்சினார்கள்.

குவெய்க்கைப் பற்றி லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்பவர் பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். நம் தோட்டங்களில் அப்படி ஒருவர் போகாததற்குக் காரணம் உண்டு. தொழிலாளரின் கூலி கள்ளுக்கடையில் கரைந்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கடைகளை மூடவேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. அந்தக் கோபம் நியாயமானது, என் பாட்டியும் அந்தக் கோபத்தோடுதான் செத்தாள். ஆனால் கடையின் பாவத்தை மரமேறியின் கைத்திறன் மேலும் ஏற்றிவிட்டோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து வீடுகள் காலியானபோது, அந்தத் திறன் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நோட்டுப் புத்தகத்தோடு பெரியப்பா முன் உட்கார்ந்தேன். பாளையை எவ்வளவு ஓங்கித் தட்ட வேண்டும் என்று கேட்டேன். "எழுதிக் காட்ட முடியாது தம்பி, கைய நீட்டு" என்றார். முன்கையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே மணிக்கட்டுவரை இறங்கினார். ஒவ்வொரு தட்டும் ஒரே கனம். பிறகு என் விரலைப் பிடித்துத் தன் கை மேல் வைத்து, "இப்ப நீ தட்டு" என்றார்.